அதில் தோன்றுவோர்

பிப்ரவரி 6

தங்கைக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருக்கிறாய் என்று இன்று காலைப் பேப்பரிலேயே பார்த்துவிட்டேன். மூன்றாம் பக்கம், இடது மூலை. சட்டமன்றத்துக்கு எதிரே நடைபாதையில் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறீர்கள். நீ முன்வரிசை. "எதைப் பார்ப்பது என்பதை நாங்களே முடிவு செய்கிறோம்" என்று ஒரு பலகை. ஆபாசத் தடுப்பு மசோதா வரக்கூடாதாம்.

கடையில் முதலாளிதான் காட்டினார். "மேடம், இது உங்க தங்கச்சி மாதிரி இல்ல?" என்றார். "மாதிரிதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு பெரியவரின் கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டப் போனேன். வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், எழுதிப் பார்த்தாலாவது உனக்கு உறைக்கிறதா என்று. நவம்பரில் பாப்பா நிச்சயதார்த்தத்தை முறித்தாள். அவன் சரியில்லை, வேண்டாம் என்றாள். நாங்களும் சரி என்றோம். பத்தாவது நாள் அவர்கள் இரண்டு பேரும் தனியாக இருந்த வீடியோவை அவன் ஊருக்கெல்லாம் அனுப்பினான். என் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பவர் சீட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்காதவர்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இருபத்தாறு வயதுப் பெண். எத்தனையோ பேரை நடக்க வைத்த பிசியோதெரபிஸ்ட். மூன்று மாதமாக மாடி அறையை விட்டு இறங்கவில்லை. உன் அத்தான் டெப்போவில் டைம் கீப்பர் வேலையை விட்டுவிடலாமா என்கிறார். வீட்டில் யாரும் போனைத் தொடுவதில்லை. மூன்று போனும் பீரோவில் கிடக்கின்றன. அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்த நேரத்தில்தான் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவருகிறது. அந்த மாதிரிப் படங்களை எல்லாம் ஒரேயடியாகத் துடைக்கப் போகிறோம் என்கிறது. என் மகளின் சித்தி அதைத் தடுக்கத் தெருவில் நிற்கிறாள்.

வியாழக்கிழமை எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் மசோதாவை ஆதரித்துக் கூட்டம். நான் போகிறேன். நீ எழுதினால் படிப்பேன். பதில் எழுதுவேனா தெரியாது.

அக்கா


பிப்ரவரி 11

அக்கா,

நீ திட்டுவாய் என்று தெரியும். போனில் திட்டுவாய் என்று காத்திருந்தேன். எழுத்தில் திட்டினால் இரண்டாம் தடவையும் படிக்க வேண்டியிருக்கிறது.

நான் எப்படி அந்த நடைபாதைக்குப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பதிப்பகத்தில் நர்சிங் மாணவிகளுக்கான பாடப்புத்தகத்துக்கு நான்தான் மெய்ப்புப் பார்க்கிறேன். மார்பில் கட்டி இருக்கிறதா என்று பெண்கள் தாங்களே தடவிப் பார்க்கிற முறைக்கு ஒரு அத்தியாயம், பதினொரு படங்கள். மசோதா வரப்போகிறது என்றதும் முதலாளி பயந்து, பதினொன்றிலும் கறுப்புக் கட்டம் போடச் சொல்லிவிட்டார். கீழே "படத்தில் காட்டியுள்ளபடி" என்று இருக்கிறது, மேலே கறுப்பு. அதில் எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை, அதனால் நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் போடவில்லை.

அந்த வாரம்தான் இந்தக் குழுவைப் பார்த்தேன். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு அறை. ஒரு பெண் வக்கீல், பழைய புத்தகம் விற்கிற ஒருவர், சினிமாவில் படத்தொகுப்பு செய்கிற ஒருத்தி. அவளை எல்லோரும் கத்தரி என்று கூப்பிடுகிறார்கள். கீழே சைக்கிள் கடைக்காரர் எங்களுக்கு வைத்திருக்கிற பெயர் ஆபாசக் கமிட்டி. "கமிட்டி ஆளுங்க வந்தாச்சு, வழி விடுங்கப்பா" என்பார்.

பெரியவர்களுக்கான படம், கதை எல்லாம் நல்லது என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. புத்தகக்காரர் விற்கிற சில கதைகளைப் படித்தேன். சகிக்கவில்லை, அதிலும் ஒற்றுப் பிழைகள். ஆனால் வளர்ந்த ஒருவர் எதைப் படிக்கலாம் என்று மூன்று பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்வது சரியில்லை என்கிறோம். மசோதா அமைக்கிற அந்த மூவர் குழு சொல்வதே முடிவு. கோர்ட்டுக்குப் போக முடியாது.

பாப்பாவின் வீடியோவை இந்தச் சட்டம் துடைக்காது, அக்கா. மசோதாவை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினாலு பக்கம். ஏழாம் பிரிவை மட்டுமாவது படி.

பாப்பாவைப் பற்றி இங்கே யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

தங்கை


பிப்ரவரி 20

தங்கைக்கு,

படிக்கவில்லை. உன் பதினாலு பக்கத்தையும் சாப்பாட்டு மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறேன். பகலெல்லாம் அடுத்தவர் கண்ணுக்கு எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் சட்டம் படிக்கத் தெம்பு இல்லை.

கூட்டத்துக்குப் போனேன். மூன்று மாதத்தில் முதல் முறையாக என்னை ஒரு மனுஷியாக நடத்தினார்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். உறுப்பினரின் உதவியாளர் முப்பது வயது இருக்கும். தேநீர் கொண்டுவந்து கையில் கொடுத்து, "உங்க கஷ்டம் எங்களுக்குத் தெரியும்மா" என்றார். நம் சொந்தக்காரர்களில் யாராவது ஒருவர் இந்த ஒரு வரியைச் சொன்னார்களா? நம் பெரியம்மா மகள் வந்து, ஒரு மணி நேரம் விலைவாசி பேசிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது "எல்லாம் சரியாயிடும்" என்றாள். எது என்று சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை.

ஏப்ரல் 9ஆம் தேதி உன் ஊரில் சட்டமன்றக் குழு கருத்துக் கேட்கிறதாம். பாதிக்கப்பட்ட ஒரு தாயாக நான் வந்து பேச வேண்டும் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன்.

உன் அத்தான் இப்போதெல்லாம் முதல் பஸ்ஸுக்கு முன்னாலேயே டெப்போவுக்குப் போய்விடுகிறார். ஆட்கள் வருவதற்குள் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். கையை மட்டும் நீட்டி டைம் சீட்டை வாங்கிக்கொள்ளலாம்.

மார்பில் கட்டி பார்க்கிற படத்துக்கும் என் மகளின் படத்துக்கும் உனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் நான் என்ன சொல்ல?

இதற்கு அடுத்து ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். விடு.

அக்கா


மார்ச் 1

அக்கா,

மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு ஒரு வரியை அடித்து அனுப்பலாமா? வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். "உனக்குப் பிள்ளை இருந்தால் தெரியும்."

இருந்தால் தெரிந்திருக்கலாம். எனக்கு அது தெரியாது. ஆனால் பாப்பாவுக்கு முதன்முதலில் சைக்கிள் ஓட்டப் பழக்கியது யார், மருந்து வாடை பிடிக்காமல் அவள் கல்லூரியிலிருந்து முதல் வாரமே ஓடிவந்தபோது யார் வீட்டுக்கு ஓடிவந்தாள் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். இதோடு விட்டுவிடுகிறேன்.

நீ படிக்கமாட்டாய் என்பதால் ஏழாம் பிரிவை நானே எழுதுகிறேன். "தடை செய்யப்பட்ட உள்ளடக்கத்தைத் தயாரிப்போர், வைத்திருப்போர், அனுப்புவோர், அதில் தோன்றுவோர் ஆகிய அனைவரும் குற்றம் புரிந்தவராவர்." அந்தப் பட்டியலின் கடைசி இரண்டு சொல்லைத் திரும்பப் படி. அதில் தோன்றுவோர். விருப்பப்பட்டுத் தோன்றினாரா, வெளியே விடச் சம்மதித்தாரா என்று ஒரு கேள்விகூட இல்லை. வக்கீல் சொல்கிறார்: இந்தச் சட்டம் வந்தபிறகு பாப்பா புகார் கொடுத்தால், அந்தப் புகாரே அவள் கொடுக்கும் வாக்குமூலம். அவனுக்கு எவ்வளவு தண்டனையோ, அவளுக்கும் அதே.

அந்த உதவியாளர் கொடுத்த தேநீரை நான் குறை சொல்லவில்லை. அந்த ஒரு வரியை நானும் உன்னிடம் சொல்லவில்லை என்பது உறுத்துகிறது. நவம்பரில் உனக்கு நாலு தடவை போன் செய்தேன். நாலு தடவையும் போலீஸ், வக்கீல், கம்ப்யூட்டர் என்றுதான் பேசினேன்.

இங்கே வீட்டுக்காரம்மா வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். "நீங்க நல்லவங்கதாம்மா. ஆனா மாடியில பொண்ணுங்க குடியிருக்காங்க" என்றார். அந்தப் பெண்களில் இரண்டு பேர் எங்கள் மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் என்று அவருக்குச் சொல்லவில்லை.

ஒரு துண்டுப் பிரசுரம் எழுதிக்கொண்டிருக்கிறோம். சட்டம் சட்டம் என்று எழுதினால் யாரும் படிப்பதில்லை. ஏதாவது ஒரு உதாரணம் வேண்டியிருக்கிறது.

தங்கை


மார்ச் 12

உன் பிரசுரம் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. காலையில் பேப்பரோடு மடித்து, வீட்டுக்கு ஒன்று.

"ஒரு சிறு நகரத்தில் இருபத்தாறு வயது பிசியோதெரபிஸ்ட். நிச்சயமான திருமணத்தை நிறுத்தியதற்காக அவருடைய அந்தரங்க வீடியோ பரப்பப்பட்டது. இந்த மசோதா சட்டமானால் சிறைக்குப் போகப் போவது அவரும்தான்."

பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன? இந்த ஊரில் பிசியோதெரபிஸ்ட் மொத்தம் ஆறு பேர். நாலு பேர் ஆண்கள். ஒருத்திக்கு ஐம்பது வயது. கணக்கில் மந்தமானவன்கூட விரல் விட்டுக் கண்டுபிடிப்பான். வீடியோ வராத வீடுகள் நாலைந்து இருந்திருக்கும். அவர்களுக்கும் இப்போது தெரிந்தது.

பாப்பா நாலு மாதம் கழித்து அன்றைக்குத்தான் காலைச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வந்தாள். பேப்பரைப் பிரித்தாள். படித்தாள். "சித்தியா எழுதினாங்க?" என்று கேட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மேலே போனாள்.

யாரிடமும் வாய் திறக்கவில்லை என்று எழுதினாய். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. அவன் ஒரு தடவை அனுப்பினான். நீ அச்சடித்து அனுப்பியிருக்கிறாய்.

பதில் வேண்டாம்.


மார்ச் 16

அக்கா,

பதில் வேண்டாம் என்றாய். இது பதில் இல்லை, நான் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் எழுதும்போது வாய் திறக்கவில்லை, அது உண்மை. மார்ச் 3ஆம் தேதி கூட்டத்தில் திறந்தேன். எல்லோரும் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு, என்று ஆரம்பித்தேன். அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. அதைத்தான் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். வயது, வேலை, சிறு நகரம் எல்லாவற்றையும் நான்தான் எழுதினேன். மெய்ப்பும் நான்தான் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை என்று கையெழுத்தும் போட்டேன்.

ஐயாயிரம் அச்சடித்தோம். கத்தரியும் நானும் மூன்று நாளாக அலைந்து மூவாயிரத்து நூறைத் திரும்ப வாங்கிவிட்டோம். அந்தப் பத்தியைக் கையால் வெட்டி எடுக்கிறோம். மீதி ஆயிரத்துத் தொள்ளாயிரம் எங்கே என்று எனக்குத் தெரியாது. அவன் அனுப்பியது எங்கே எல்லாம் இருக்கிறது என்று உனக்குத் தெரியாத மாதிரியே.

ஏப்ரல் 9ஆம் தேதி நான் பேசுவதாக இருந்தது. பெயரை எடுத்துவிட்டேன்.

பாப்பாவுக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். படிக்கச் சொல்லி அவளைக் கட்டாயப்படுத்தாதே.

தங்கை


மார்ச் 27

தங்கைக்கு,

உன் மேல் கோபம் போகவில்லை. ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை.

திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உன் பதினாலு பக்கமும் கிடந்தது. பாப்பா இழுப்பறையிலிருந்து எடுத்துப் படித்திருக்கிறாள். ஏழாம் பிரிவுக்கு அடியில் பென்சில் கோடு. ஓரத்தில் "நான்" என்று எழுதியிருந்தாள். வேறு ஒன்றும் இல்லை.

மதியம் கடையில் லீவு சொல்லிவிட்டு உறுப்பினர் அலுவலகத்துக்குப் போனேன். உதவியாளர் இருந்தார். மரியாதைக்குக் குறைவில்லை, மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தார். நான் அந்தப் பக்கத்தைக் காட்டி, "தம்பி, இந்தத் தோன்றுவோர்ல என் பொண்ணும் வருவாளா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தொழிலா பண்றவங்களுக்கும்மா. நல்ல பொண்ணுங்களுக்கு வராது."

"நல்ல பொண்ணுன்னு எங்க எழுதியிருக்கு?"

"மூவர் குழு பார்த்து முடிவு பண்ணும்."

"எதைப் பார்த்து?"

கொஞ்சம் நெளிந்தார். பிறகு சமாதானமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "தப்பா நினைக்காதீங்கம்மா. நானும் பார்த்தேன். அதுல அவங்களைக் கட்டாயப்படுத்தின மாதிரி ஒண்ணும் தெரியலையே. அதனால குழு கேள்வி கேட்கத்தான் செய்யும். ஆனா நீங்க நம்ம பக்கம் பேசினா, நாங்க சொல்லிப் பார்த்துக்குவோம்."

என் கையில் அன்றைக்குத் தேநீர் கொடுத்த ஆள். என்னை முன்வரிசையில் உட்கார வைக்கும் முன்பே அந்த வீடியோவைப் பார்த்திருக்கிறான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திட்டவில்லை, அழவும் இல்லை. பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. இறங்க வேண்டிய இடம் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

உன் பக்கம் வந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. கண்ட குப்பையும் ஓடட்டும் என்கிற உன் கட்சி எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. உன் மனு ஒன்றைக் கூரியரில் அனுப்பியிருந்தாயே, அதில் பெரியவர்கள் எதையும் பார்க்கலாம் என்கிற மூன்றாம் பத்தியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். செல்லுமா செல்லாதா என்று உன் வக்கீலைக் கேள்.

என் பெயர் இன்னும் அவர்கள் பட்டியலில் இருக்கிறது. எடுக்கச் சொல்லவில்லை. வருகிறேன். ஆனால் என்ன பேசப் போகிறேன் என்று தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

உன் கையெழுத்து செல்லாதாம். ஆனால் கோப்பில் வைத்துக்கொள்கிறேன் என்று வக்கீல் சொன்னார். இத்தனை கையெழுத்தில் மனுவைப் படித்துவிட்டுப் போட்டது நீ ஒருத்திதான் என்கிறார்.

9ஆம் தேதிக்கு வேண்டிய விவரம்: சட்டமன்றத்துக்குப் பின்பக்க வாசல், பத்து மணி. அடையாள அட்டை கொண்டு வா. ஆளுக்கு நாலு நிமிஷம், மணி அடித்தால் நிறுத்த வேண்டும். பெண்கள் தனியாகப் பேச விரும்பினால் பத்திரிகைக்காரர்களை வெளியே அனுப்பக் கேட்கலாம். தங்க இடம் இருக்கிறது. நான் இப்போது புத்தகக்காரரின் கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். படிக்கட்டெல்லாம் புத்தகம், பார்த்துக் கால் வைக்க வேண்டும்.

நீ வருகிறாய் என்று சொன்னதும் வக்கீல் உற்சாகமாகிவிட்டார். மறுபக்கம் கூப்பிட்ட தாயே நம் பக்கம் பேசினால் பேப்பரெல்லாம் அதுதான் வரும் என்றார். நான் வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தம் போட வேண்டியிருந்தது. கத்தரி என் பக்கம் நின்றாள். நீ என்ன பேசினாலும், பேசாமலே போனாலும், இங்கே யாரும் உன்னை ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். அவன் அவளைக் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. அவள் சார்பாகப் பேச வருகிறேன் என்று அவர்களிடம் சரி சொல்வதற்கு முன்னால், நீ பாப்பாவைக் கேட்டாயா?

தங்கை


ஏப்ரல் 5

தங்கைக்கு,

கேட்கவில்லை. நேற்றுத்தான் கேட்டேன்.

மாடி அறையில் வாசலில் நின்றபடியே, "உனக்காக நான் அங்க போய்ப் பேசலாமா?" என்றேன். "அஞ்சு மாசமா இந்த வீட்டுல எல்லாரும் எனக்காக அழுதாச்சு, எனக்காக சாப்பிடாம இருந்தாச்சு. இப்பதான் ஒருத்தர் கேக்கறீங்க" என்றாள். பிறகு, "நீங்க பேச வேண்டாம். உங்க நாலு நிமிஷத்தை எனக்கு மாத்திக் குடுக்க முடியுமான்னு கேளுங்க" என்றாள்.

முடியுமா? உடனே எழுது. பதில் வராவிட்டாலும் வந்துவிடுவோம்.

உன் அத்தான் பக்கத்தில்தான் நின்றார். சாயங்காலம் மூன்று டிக்கெட்டோடு வந்தார். டெப்போவில் லீவு எழுதிக் கொடுத்தாராம். காரணம் என்கிற இடத்தில் "மகளுடன் செல்ல" என்று எழுதினாராம்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்த கடிதம் கிடைத்தது. உள்ளே என்ன நடந்தது என்று கேட்டிருந்தாய். பாப்பா உங்கள் இரண்டு பேரையும் தாழ்வாரத்திலேயே உட்காரச் சொன்னது உனக்கு வருத்தம் என்று தெரியும். "நீங்க உள்ள இருந்தா உங்க முகத்தைப் பார்த்துதான் பேசுவேன்" என்றாளே, அது சரிதான். எழுதலாமா என்று அவளிடம் கேட்டு, எழுதுங்கள் என்று பதில் வந்தபிறகுதான் எழுதுகிறேன்.

பத்திரிகைக்காரர்களை அனுப்பச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நீள மேசை, ஒன்பது உறுப்பினர்கள். பாதிப் பேர் காகிதம் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் கையில் காகிதம் இல்லை.

"உங்கள்ல சில பேர் என்னை ஏற்கெனவே பார்த்திருப்பீங்க" என்று ஆரம்பித்தாள். காகிதம் புரட்டுகிற சத்தம் நின்றது. "அதை எடுத்தப்ப நான் சம்மதிச்சேன். அவனை நம்பினேன். ஊருக்கு அனுப்பறதுக்கு நான் சம்மதிக்கல. இந்த மசோதாவுல சம்மதம்ங்கற வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். பதினாலு பக்கத்துலயும் இல்ல. உடம்பு தெரிஞ்சதுதான் குத்தம்னு எழுதியிருக்கீங்க. எனக்கு நடந்த குத்தம் அது இல்ல."

தலைவர் கேட்டார்: "அப்ப இந்த மாதிரிப் படங்கள் இருக்கலாம்னு சொல்றீங்களா?"

"அதுல இருக்கறவங்க சம்மதிச்சு, பெரியவங்க பார்த்தா, அது உங்க வேலையும் இல்ல, என் வேலையும் இல்ல. சம்மதம் இல்லாம ஒருத்தன் அனுப்பினா, அப்ப நான் உங்களைத் தேடி வருவேன். இப்ப வந்த மாதிரி."

ஓரத்தில் இருந்த ஒரு பெண் உறுப்பினர், நம் அம்மா வயது இருக்கும், "இதை எடுத்ததுக்காக வருத்தப்படறியாம்மா?" என்றார்.

"அவனை நம்பினதுக்கு வருத்தப்படறேன். நான் ஆஸ்பத்திரியில வேலை பார்த்தேங்க. இடுப்புல வலின்னு சொல்ல வெக்கப்பட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு நொண்டிக்கிட்டு வர்ற பொம்பளைங்க வாரத்துக்கு நாலு பேரைப் பார்த்திருக்கேன். நீங்க அவங்களை இன்னும் கொஞ்சம் வெக்கப்பட வைக்கப் போறீங்க. அதுக்குத்தான் வருத்தப்படறேன்."

மணி அடித்தது. அவள் நிறுத்திவிட்டாள். அந்த அம்மாள் மட்டும் ஏழாம் பிரிவில் ஏதோ எழுதினார்.

நான் பின்வரிசையில் இருந்தேன். வெளியே வரும்போது என் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். "சித்தி, அந்தக் கடிதத்தைப் படிச்சேன். இன்னும் கோபம் இருக்கு" என்றாள். இருக்கட்டும் என்றேன். அதற்குப் பிறகுதான் தாழ்வாரத்துக்கு உங்களிடம் வந்தாள்.

இதில் ஒரு சொல்லைக்கூட எங்கள் பிரசுரத்தில் போடமாட்டோம். பேப்பர்களில் வந்தது அவள் அவர்களிடமே கொடுத்தது.

தங்கை


ஜூன் 19

தங்கைக்கு,

மசோதாவைத் திரும்ப எடுத்துக்கொண்டதை ரேடியோவில் கேட்டேன். மறுபரிசீலனை என்றார்கள். கைவிட்டோம் என்று சொல்லவில்லை. உன் வக்கீல் சொன்னதுபோல, அடுத்த வருஷம் வேறு பெயரில் வரும். மூவர் குழு ஐவர் குழு ஆகும். நீயும் மறுபடி பலகை தூக்குவாய். தூக்கு. இந்தத் தடவை பேப்பரில் பார்த்தால் லென்ஸைச் சரியாக மாட்டுவேன்.

பாப்பா ஏற்கெனவே இருக்கிற சட்டத்தில் புகார் கொடுத்துவிட்டாள். உன் வக்கீல்தான் எழுதிக் கொடுத்தார். அவனை இரண்டு தடவை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வழக்கு எப்போது நடக்கும் என்று தெரியாது. வீடியோ எங்காவது இருக்கத்தான் செய்யும் என்று அவளே சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் பழைய வேலையைத் தரவில்லை, "கொஞ்ச நாள் போகட்டும்" என்கிறார்கள். அவள் காத்திருக்கவில்லை. வீடு வீடாகப் போய் முதியவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறாள். மூன்று வீட்டில் வேண்டாம் என்றார்கள். பதினொரு வீட்டில் வாரம் இரண்டு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். பிரேம் பார்க்க வேண்டும் என்றாள். ஒவ்வொன்றாக எடுத்து மாட்டினாள், கண்ணாடியில் பார்த்தாள், கழற்றினாள். இருபது பிரேமாவது மாட்டியிருப்பாள். பவர் சீட்டு இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. கண்ணைப் பரிசோதித்தேன். இரண்டு கண்ணும் சுத்தமாக இருந்தன, கண்ணாடியே வேண்டாம்.

"உங்களுக்குக் கண்ணாடி தேவையில்லைங்க" என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. முதலாளி உள்ளே போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நீங்கதானே அந்தப் பொண்ணோட அம்மா?" என்றாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் கடையை விட்டே ஓடியிருப்பேன். "ஆமாம், நான்தான்" என்றேன்.

அவள் கைப்பையைத் திறந்து மூடினாள். வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. நானும் எது என்று கேட்கவில்லை. அவளுக்கா, அவள் மகளுக்கா, தங்கைக்கா என்றும் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். "உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்" என்றேன். அப்போதுதான் அழுதாள். அரை மணி நேரம் இருந்தாள். ஒரு வாடிக்கையாளர் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார், போகட்டும்.

ஒரு சீட்டில் உன் வக்கீலின் எண்ணை எழுதிக் கொடுத்தேன். இரண்டொரு நாளில் அவரைக் கூப்பிடுவாள். அவரிடம் சொல்லிவை. அவள் யார், எந்தத் தெரு என்று நான் கேட்கவில்லை. நீங்களும் அவளாகச் சொல்லும்வரை கேட்காதீர்கள்.

அக்கா